பைக்குள் சீனி

சீனியின் அப்பா ஐயாவு மகனுக்கு வைத்த பெயர் சீனிவாசன். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, இன்றைக்குச் செம்பனை நிற்கிற இடத்தில் அன்றைக்கு இருந்த ரப்பர்த் தோட்டத்தில், பிறப்பைப் பதிய எழுதிக்கொடுத்தவர் ஆபீஸ் கிராணி என்கிற குமாஸ்தா. அவருக்கு அன்று என்ன அவசரமோ, 'சீனி' வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார். அதையும் மலாய் எழுத்துக்கூட்டலில் 'சினி' என்று எழுதினார். மலாய் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சினி என்றால் 'இங்கே'.

மூடிய பேனாவைத் திறந்து இன்னும் மூன்று எழுத்துப் போட அந்தப் புண்ணியவானுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இடைநிலைப்பள்ளியில் முதல் நாள் வகுப்பாசிரியர் பட்டியலைப் பார்த்து "சினி" என்று கூப்பிட்டதும், முன்வரிசைக்காரன் ஒருவன் எழுந்து ஆசிரியர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றான். சந்தையில் எந்தத் தாயாவது பிள்ளையை "சினி, சினி" என்று அழைத்தால் சீனியும் திரும்பிப் பார்ப்பார். ஐம்பது வயதில் இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி வந்து சேர்ந்தது. கிளினிக்கில் இருந்த தமிழ்த் தாதி தாளைப் பார்த்துவிட்டு, "சீனி அண்ணே, சீனி கூடிப்போச்சு" என்றாள். சொன்ன கையோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சீனி கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் ஐம்பத்து மூன்று வருடம் ஒரே நகைச்சுவைக்குச் சிரிக்க யாரால் முடியும்? போன வருடம் ஒருநாள் முடிவெடுத்து, பதிவு இலாகாவில் பெயர் திருத்தும் விண்ணப்பப் பாரத்தை வாங்கி வந்து நிரப்பினார். புதுப் பெயர் சீனிவாசன், முழுசாக. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லி நாளும் கொடுத்துவிட்டார்கள்.

மனைவி கலாதேவிக்கு இதில் பெரிய அக்கறை இல்லை. "எனக்கென்னாங்க. நான் என்னைக்கும் 'என்னாங்க'ன்னுதானே கூப்புடுறேன். கார்டுல எது இருந்தா என்னா?"

சீனிக்கு அப்படி இல்லை. அந்தப் பெயர்மேல் கோபமும் இருந்தது, அதை விட்டுவிட மனமும் வரவில்லை. ஐயாவு சாகும்வரை கூப்பிட்டதென்னவோ சீனி என்றுதான். பாரத்தைக் கடை மேசையின் இழுப்பறையில் போட்டு, தினமும் ஒரு தடவை திறந்து பார்த்து மூடுவார்.

கடை என்றால் ஈப்போவில் குனோங் ராபாட் பக்கம் இருக்கும் டயர் கடை. இருபத்தெட்டு வருடமாக அங்கேதான் வேலை. முதலாளி ஒரு சீனர். அவரைத் தவ்கே என்று அழைப்பதே வழக்கம் என்பதால் சொந்தப் பெயர் கடைக்காரர்களுக்கே மறந்துவிட்டது. சீனி பெரிய டயரைத் தூரத்திலிருந்தே பார்த்து அளவு சொல்லுவார். "இந்த லோரி ஒரு சுத்து சுத்தினா எவ்ளோ தூரம் போவும் தெரியுமா?" என்று டிரைவர்களிடம் கேட்டு, டயரின் விட்டத்தை இருபத்திரண்டு பை ஏழால் பெருக்கிச் சொல்லி அவர்களை வாய்பிளக்க வைப்பார். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தில் படித்த கணக்கில் அவரிடம் மிஞ்சியது அந்த ஒன்றுதான். அதை ஒரு நகை மாதிரி வைத்திருந்தார்.

பதிவு இலாகாவுக்குப் போக வேண்டிய வெள்ளிக்கு முந்தின வாரம், தினேஸ்வரி டீச்சரின் காரில் ஆணி ஏறியது. டீச்சர் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் மேல்வகுப்புக்குக் கணிதமும் முதலாம் ஆண்டுக்குத் தமிழும் எடுப்பவர். மாற்று டயரை எடுக்கச் சீனி காரின் பின்கதவைத் திறந்தார். உள்ளே பள்ளியின் கணித விழாவுக்காகச் சுருட்டி வைத்திருந்த ஒரு காகிதச் சுருள் நழுவிக் கீழே விழுந்து, உருண்டு, கடையைத் தாண்டி, சாக்கடை ஓரம் வரைக்கும் விரிந்துகொண்டே போனது. முழுக்க எண்கள்.

"டீச்சர், இதென்னா, யாரோட போன் நம்பரு?"

"பைண்ணே, வட்டக் கணக்குல வர்ற பை. மூணு புள்ளி ஒண்ணு நாலு. முடியவே முடியாது."

"முடியாதா? இருவத்திரெண்டு பை ஏழுல முடிஞ்சிருச்சேலா."

"அது கிட்டத்தட்டண்ணே. வேலைக்கு ஆவும். ஆனா நெசமான பை அது இல்ல."

சீனி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். முப்பத்தெட்டு வருடமாக நம்பியது. "அப்போ இதையும் எவனோ ஒரு கிராணி பாதியில பேனாவ மூடிட்டானா?" என்று கேட்டார். அவர் குரலில் இருந்த வேதனையைப் பார்த்து டீச்சருக்குச் சிரிப்பதா ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை.

சமாதானப்படுத்துகிற மாதிரிதான் டீச்சர் அதைச் சொன்னார். பைக்குள் எந்த எண்ணைத் தேடினாலும் எங்கேயாவது கிடைக்கும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் நம்புகிறார்கள், இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை, ஆனால் நம்புகிறார்கள். பிறந்த நாள், கார் நம்பர், போன் நம்பர், எல்லாம் உள்ளே இருக்கும்.

"பேரு?"

"பேரு எழுத்துண்ணே. இது நம்பரு."

"நம்பரு பத்துதான் இருக்கணும்னு யாரு சொன்னா?"

நல்ல கேள்விதான். டீச்சர் விரலைக் காட்டினார்: நமக்குப் பத்து விரல், அதனால் பத்தில் எண்ணுகிறோம். கம்ப்யூட்டர் இரண்டில் எண்ணுகிறது. கடிகாரம் அறுபதில் திரும்புகிறது. எதில் வேண்டுமானாலும் எண்ணலாம், எத்தனையில் எண்ணுகிறோமோ அத்தனை குறிகள் கையில் இருந்தால் போதும்.

சீனியின் கண் காரின் பின்பக்கம் இருந்த இன்னொரு சுருளில் இருந்தது. முதலாம் ஆண்டு வகுப்பில் மாட்டும் எழுத்து அட்டை. அதை விரித்து பானெட்டின் மேல் போட்டார். மேல் மூலையில் தனியாக நிற்கும் ஆய்தத்தை விட்டால், பதினெட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு, க-வில் தொடங்கி னௌ-வில் முடிகிறது.

"இருநூத்துப் பதினாறு குறி இருக்கு டீச்சர்" என்றார். "பத்தாதா?"

டீச்சர் அட்டையைப் பார்த்தார். சீனியைப் பார்த்தார். அவருக்குத் தலை சுற்றியது என்று பின்னால் சொன்னார். பத்து வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்தும் அந்த அட்டையைச் சுவரில் மட்டுமே மாட்டத் தெரிந்திருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்ததாம்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் மடிக்கணினியோடு கடைக்கு வந்துவிட்டார். காருக்கு ஒன்றும் இல்லை. டயர் அடுக்குமேல் கணினியை வைத்து, எழுத்துகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படி ஏற்றி, பையை இருநூற்றுப் பதினாறில் எழுதச் சொன்னார். மூன்றாவது எழுத்து கி. ஆகவே மூன்று என்ற இடத்தில் கி வந்து நின்றது. புள்ளிக்கு அப்புறம் வரிசையாகக் கொட்டியது:

கி . சூ யூ செ லோ டீ ஞு நொ லொ

சீனி அதை உரக்கப் படித்தார். உள்ளே இருந்த தவ்கே எட்டிப் பார்த்து, யார் இங்கே கண்டனீஸ் சீனம் பேசுவது, அதுவும் இவ்வளவு மோசமாக, என்று கேட்டார். இவர்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

"டீச்சர், அஞ்சாவது எழுத்துலயே டீ கேக்குது பாத்தீங்களா" என்றார் சீனி. "அப்புறம் இங்கங்க காலியா விட்டுவிட்டு வருதே. மூச்சு வாங்கிப் பேசுது போல."

உண்மையிலேயே, இருநூறு எழுத்துக்கு ஒரு தடவை போல ஒரு காலியிடம் வந்தது. டீச்சரும் அதைப் பார்த்தார். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்ட மாதிரி அழகாக இருந்ததால் அவரும் ஒன்றும் யோசிக்கவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சீனிக்கு அதற்குப் பிறகுதான் விஷயமே. இழுப்பறையிலிருந்து பாரத்தை எடுத்து வந்து டீச்சரிடம் காட்டினார். "இதுல என் பேரு ரெண்டே எழுத்து. சீ, னி. உள்ள இருந்தா இந்தப் பாரத்த நான் குடுக்கமாட்டேன். இல்லேன்னா வெள்ளிக்கெழம மாத்திருவேன். அவ்ளோதான்."

அட்டைப்படி சீ இருபத்தெட்டு, னி இருநூற்றேழு. இரண்டும் அடுத்தடுத்து வர வேண்டும். சராசரியாக நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் எழுத்துக்கு ஒரு தடவை வரலாம் என்று டீச்சர் கணக்குப் போட்டார். தினேஸ்வரி என்ற பெயரைத் தேடவே முடியாது, அதிலிருக்கும் 'ஸ்' அட்டையில் இல்லை. சீனிவாசனும் முடியாது, கடைசியில் புள்ளி வைத்த ன் நிற்கிறது. கலாதேவி கிடைப்பாள், நான்கும் நல்ல எழுத்து. ஆனால் இருநூற்றுப் பதினேழு கோடி எழுத்துக்கு ஒரு தடவைதான்.

வீட்டில் போய் இதைச் சொன்னபோது கலாதேவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "பின்னே? நான் அவ்ளோ லேசுல கெடச்சிருவேனா?" என்றாள். அன்று முழுவதும் அவள் நடையே வேறு மாதிரி இருந்தது.

புதன்கிழமை தேநீர் நேரத்தில் டீச்சரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அண்ணே, இருக்கீங்க" என்று மட்டும் இருந்தது. கூடவே ஒரு படம். எழுத்துக் கூட்டத்துக்கு நடுவில், முன்னால் ஒரு ழூ, பின்னால் ஒரு ஙே, இரண்டுக்கும் இடையில் தெளிவாக, சீனி. எத்தனையாவது இடம் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் இன்றுவரை அந்த எண்ணைத்தான் கைப்பேசிப் பூட்டுக்கு வைத்திருக்கிறார்.

அதற்கப்புறம் அந்த மனிதரைப் பிடிக்க முடியவில்லை. காற்றடிக்க வந்தவர், எண்ணெய் மாற்ற வந்தவர், வழி கேட்க வந்தவர் எல்லாரிடமும் "நான் பைக்குள்ள இருக்கேன்லா" என்றார். மளிகைக்கடை கனகராஜிடம் ஓடிப்போய், "மச்சான், பைக்குள்ள சீனி இருக்கு" என்றார். கனகராஜ் நிதானமாக, "எத்தன கிலோ?" என்று கேட்டார். சீனி நடைபாதையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறந்ததிலிருந்து தன் பெயரை வைத்து வந்த நகைச்சுவைகளில் அவர் மனசாரச் சிரித்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம் டீச்சர் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. விழாவுல வெக்கலாம்னு எந்த எழுத்து எத்தன தடவ வருதுன்னு எண்ணிப் பாத்தேன். ஒரு லட்சம் எழுத்துல ஒவ்வொண்ணும் நானூத்தி அறுவது தடவ போல வருது. னௌ மட்டும் ஒரு தடவகூட வரல."

"தமிழ்லயே அது வராதே டீச்சர்."

"பைக்குத் தமிழ் தெரியாதேண்ணே."

சீனி போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நான் க-வ ஒண்ணுன்னு வெச்சு எண்ணிட்டேன்" என்றார் டீச்சர். "பூஜ்யத்துக்கு எழுத்தே வெக்கல. கோசோங்தானேன்னு காலியா விட்டுட்டேன். இருநூத்துப் பதினாறுல எண்ணுறப்போ கடைசிக் குறி இருநூத்துப் பதினஞ்சுதான், னௌ-வுக்கு எடமே இல்ல."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மலாயில் கோசோங் என்றால் காலி. அதுவே பூஜ்யத்துக்கும் பெயர். இந்த ஊரில் பிறந்தவர்கள் போன் நம்பர் சொல்லும்போதும் கோசோங்தான், வீட்டில் ஆள் இல்லை என்றாலும் கோசோங்தான். ஆகவே டீச்சரின் கை பூஜ்யத்துக்குக் காலியிடம் போட்டதில் வியப்பில்லை. வேறு எந்த ஊர்க் கணக்காசிரியருக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது.

"அந்த எடைவெளியெல்லாம் மூச்சு இல்லண்ணே. அதெல்லாம் பூஜ்யம். நியாயமா க-தான் பூஜ்யத்துல உக்காரணும். அப்படி வெச்சா எல்லாரும் ஒரு எடம் தள்ளிப் போறாங்க. டீ, டு ஆயிருது."

"நான்?"

"சுனீ."

"சுனீ யாரு டீச்சர்?"

"யாரும் இல்லண்ணே. திரும்பத் தேடிக்கிட்டு இருக்கேன். லட்சத்துக்குள்ள காணோம். இன்னும் தள்ளிப் போனா கண்டிப்பா கெடைக்கும்."

"வேணாம் டீச்சர். தேடிக்கிட்டே போனா எவனாச்சும் ஒரு சீனி கெடைப்பான். அது நான் இல்ல."

போனை வைத்தவர் ஒரு பஸ் டயரை எடுத்துக் கழற்றத் தொடங்கினார். அவருக்கு அழுகை வந்தது. ஐம்பத்து மூன்று வயசுக்கு இது அழுகிற விஷயமா என்று தன்னையே திட்டிக்கொண்டார், அப்படியும் வந்தது. தவ்கே ஒன்றும் கேட்காமல் கடையின் வானொலிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்.

வெள்ளிக்கிழமை சீனி இஸ்திரி போட்ட சட்டையில், பாரத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பதிவு இலாகாவுக்குப் போனார். வரிசை எண் சீட்டை வாங்கினார். அவருக்கு முன்னால் நாற்பது பேர். வெளியே, ஒட்டியிருந்த சின்னத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்து வழக்கம்போல் சொன்னார்:

"தே ஓ கோசோங்."

இனிப்புநீர் வந்ததிலிருந்து அதுதான். பால் இல்லாத தேநீர், சீனியும் போடாமல். கடைக்காரர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சூடாக ஆவி பறந்தது. சீனி அந்தக் கப்பைப் பார்த்தார். கோசோங் என்றுதானே சொன்னோம், ஒன்றும் இல்லாமலா வந்தது என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். கப்பு வந்திருக்கிறதே.

எழுந்து, கப்போடு ரோட்டோரம் வந்து டீச்சருக்குப் போன் போட்டார். டீச்சர் ஆசிரியர் அறையில் இருந்தார்.

"டீச்சர், னௌ-ல ஆரம்பிச்சு ஒரு வார்த்த சொல்லுங்க."

"இல்லண்ணே."

"நடுவுல வர்ற மாதிரி?"

"அதுவும் இல்ல."

"அப்போ யாருக்கும் வேணாம்லா அது. அத விட்டுருங்க. அது வெளியிலயே நிக்கட்டும். இப்போ அட்டையில மிச்சம் இருநூத்துப் பதினஞ்சு. ஒண்ணு கொறையுது, சரிதானே?"

"சரி."

"கோசோங்னா காலி இல்ல டீச்சர். கோசோங் கேட்டா கடையில ஒண்ணும் குடுக்காம வுடுறானா? ஒரு கப்பு வெக்கிறான். நீங்களும் அந்தக் காலி எடத்துல ஒரு கப்பு வைங்க. அட்டையில மேல மூலையில ஒருத்தன் தனியா, எந்த வரிசையிலயும் சேராம, மூணு புள்ளியோட நிக்கிறானே."

மறுமுனையில் டீச்சர் மெதுவாக எண்ணுவது கேட்டது. ஃ பூஜ்யம். க ஒன்று. கா இரண்டு. கடைசியில் னோ இருநூற்றுப் பதினைந்து. எல்லாம் சேர்ந்து இருநூற்றுப் பதினாறு குறி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்தக் குறியை எதற்கு வைப்பது என்பது நம் இஷ்டம். பைக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது. யாரும் இடம் மாற வேண்டியதில்லை. காலியிடங்களில் ஃ போட்டால் முடிந்தது.

"அண்ணே," என்றார் டீச்சர், "டீ அங்கயேதான் இருக்கு. நீங்களும் அங்கயேதான் இருக்கீங்க."

பிறகு டீச்சர் சிரித்தார். ஆசிரியர் அறையில் வேறு யாரோ என்ன ஆயிற்று என்று கேட்பதும், டீச்சர் பதில் சொல்ல முடியாமல் திரும்பச் சிரிப்பதும் சீனிக்குக் கேட்டது. அவரும் கையில் கப்போடு ரோட்டோரம் நின்று சிரித்தார். தேநீர் சட்டையெல்லாம் சிந்தியது. இஸ்திரி போட்ட சட்டை, போகட்டும்.

உள்ளே ஒலிபெருக்கியில் அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். முகப்பில் ஓர் இளம் மலாய்ப் பெண். நிமிர்ந்து பார்க்காமலேயே பெயர் கேட்டாள்.

"சினி."

"ஆமா பாச்சிக், இங்கேதான். பேரு?" என்று மலாயில் கேட்டாள். பாச்சிக் என்றால் மாமா.

"சினி."

அவள் நிமிர்ந்தாள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள், பாவம், எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். "மாத்துறதுக்கா வந்தீங்க?" என்றாள்.

சீனி பாரத்தை உறையோடு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"தா ஜாடிலா" என்றார். வேண்டாம், இல்லை என்று ஆகிவிட்டது என்று அர்த்தம். "சாயா மெமாங் சினி."

நான் சினிதான் என்றும் அதற்குப் பொருள். நான் இங்கேயேதான் என்றும் பொருள். அவர் எதைச் சொன்னார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. வாய்விட்டுச் சிரித்து, அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

வெளியே வந்து சீனி இன்னொரு தே ஓ சொன்னார். கடைக்காரர் பழக்கத்தில், "கோசோங்தானே?" என்றார்.

"இல்லலா," என்றார் சீனி, "இதுல ஒரு கரண்டி போடுங்க."

கலாதேவிக்கு இது தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.